ஒரு டீ குடிக்கிற நேரம்

ஆடி மாதம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வைத்தியத்தில் கை கொஞ்சம் திரும்பியது, கால் கொஞ்சம் திரும்பியது, பேச்சு மட்டும் திரும்பவில்லை. மைக் கெட்டுப்போனாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும் என்று பேர் வாங்கிய குரல் அது. இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், அப்புறம் அழுதுவிடுவாள்.

விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாள்தான் எனக்கு ஒரு ஆசையை மூட்டிவிட்டார். "சில பேருக்குப் பேச்சு வராது, பாட்டு வந்துரும். அவங்க பாடுனது ஏதாவது பதிவாகி இருந்தா தினமும் போட்டுக் காட்டுங்க. தன் குரலைக் கேட்டா கூடவே பாடப் பாப்பாங்க. ஆனா இப்பவே செய்யணும். நாள் போகப் போகக் கஷ்டம்."

அம்மா திருவிழா நாடகங்களில் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி. அப்பா பபூன். கம்பெனி, குழு என்று ஒன்றும் கிடையாது. நடிகர்கள் ஆளுக்கொரு ஊரிலிருந்து பஸ் பிடித்து வருவார்கள். ஒத்திகையே இல்லாமல் மேடையில்தான் சந்திப்பார்கள். எனக்குச் சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள்: சம்பந்தியம்மா இனி மேடை ஏறக் கூடாது. அதே ஆட்கள் பொங்கலுக்கு முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்து நாடகம் பார்ப்பார்கள்! அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. அன்றைக்கு நிறுத்தினவள்தான். செல்போனில் படம் பிடிக்கிற காலம் அதற்கப்புறம்தான் வந்தது.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம், வெம்பக்கோட்டைப் பக்கம் என்று நாடகம் நடந்த ஊரெல்லாம் விசாரித்தேன். ஒருவர் பழைய கேசட் ஒன்று கொடுத்தார். நாடா முழுக்கப் பூஞ்சை. அதைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பிலேயே அழுதேன்.

அப்போதுதான் அப்பாவின் பேட்டி ஞாபகம் வந்தது. நாடகக் கலைஞர்களை வீடு தேடிப் போய்ப் பேச வைத்து, பதிவு செய்து போடுகிற சேனல்காரர் ஒருவர் போன மாசியில் மதுரையிலிருந்து வந்திருந்தார். அப்பாவுக்கு அன்று தலைகால் புரியவில்லை. ஸ்திரீபார்ட் வந்த பஸ் வழியில் ரிப்பேராகி நின்றுபோக, ஒற்றை ஆளாக ஜனத்தைக் கலையவிடாமல் பிடித்துவைத்த கதையை ஆடிப் பாடிச் சொல்லியிருந்தார். "ஸ்திரீபார்ட் வரலேன்னா பபூன்தான் நேரத்தை இளுக்கணும் சார். சிரிக்க வைப்பேன், சண்டை போடுவேன், எதுவும் இல்லேன்னா ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுவேன். அன்னைக்கு விடியுற நேரம் வந்து சேந்தா பாருங்க, அந்தப் புண்ணியவதி இன்னும் என் வீட்லதான் சமைக்கா."

வீடியோவில் இதைச் சொல்லிவிட்டு அம்மாவின் பாட்டு ஒன்றைப் பாட ஆரம்பிக்கிறார். இரண்டாவது அடியில் நின்றுவிடுகிறார். அடுக்களைப் பக்கம் தலையைத் திருப்புகிறார். அவ்வளவுதான், படம் ஒரு துள்ளுத் துள்ளி வேறு பேச்சுக்குப் போய்விடுகிறது. முன்னால் இருக்கிற டீ கிளாஸ் அதற்கு முந்தி நிறைய இருக்கிறது. துள்ளலுக்குப் பிறகு காலி.

"இந்த இடத்துல என்னப்பா நடந்துச்சு?" என்று கேட்டேன். அன்றைக்கு நான் வேலைக்குப் போயிருந்தேன்.

"அடி மறந்துபோச்சு தாயி. உள்ள இருந்து உங்கம்மாதான் எடுத்துக் குடுத்தா. எடுத்துக் குடுத்தவ அதோட விட்டாளா? பூராப் பாட்டையும் பாடிட்டா. அந்த சாரு அசந்துபோயிட்டாக."

ஒரு டீ குடிக்கிற நேரம் அம்மா பாடியிருக்கிறாள். வெட்டிப்போட்ட அந்தத் துண்டு சேனல்காரரிடம் இருக்குமே!

தீபாவளி சீசன். எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் எனக்குப் பேக்கிங் வேலை. செல்போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து, வாட்ச்மேனிடம் போனை வாங்கி, வேப்பமரத்தடியில் நின்று சேனல்காரரைக் கூப்பிடுவேன். எடுக்க மாட்டார். அவர் திருப்பிக் கூப்பிடும்போது நான் உள்ளே இருப்பேன். கொண்டுபோன சோறு பல நாள் அப்படியே வீட்டுக்குத் திரும்பியது. கடைசியில் ஒருநாள் எடுத்தார். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் துண்டை மட்டும் அனுப்புங்கள் சார், உங்கள் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்றேன்.

"அக்கா, எங்கிட்ட இருந்தது ஒரே மெமரி கார்டு. எடிட் முடிஞ்சதும் அழிச்சுட்டுத்தான் அடுத்த ஊருக்குப் போவோம்." பிறகு குரல் இறங்கிச் சொன்னார்: "அம்மாதான் வாசல் வரைக்கும் வந்து சொன்னாங்க. என் முகம் வேணாம், குரலும் வேணாம், மக வாழ்ற இடத்துல பேச்சாயிரும்னு. அதான் வெட்டினேன். நல்லதுன்னு நெனச்சேன்க்கா."

யாரைத் திட்டுவது? வெட்டினவரையா, வெட்டச் சொன்னவளையா? போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். கிஃப்ட் பாக்ஸில் எதை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் வைத்து, மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அம்மா, என் வாழ்க்கையைக் காப்பாற்றுகிறேன் என்று எதை அழித்துவிட்டாய் பார் என்று திரும்பும் கம்பெனி வேனில் வழி முழுக்க மனசுக்குள் கத்திக்கொண்டே வந்தேன்.

வேன் இறங்கி நேராக அம்மா வீட்டுக்குப் போனேன். அப்பா கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். அம்மா சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"அப்பா, அந்தப் பதிவு இல்லையாம். அழிச்சுட்டாகளாம்" என்றேன்.

அப்பா தலையை மட்டும் ஆட்டினார். பாட்டை நிறுத்தவில்லை. பேட்டியில் நின்ற அதே இரண்டாவது அடிக்கு வந்ததும் நின்றார். தலையை அதேபோல் அம்மா பக்கம் திருப்பினார். காத்திருந்தார். மேடையில் ஒரு நொடி சும்மா நின்றால் கல் விழும் என்று சொல்கிற மனுஷன், வாயைத் திறந்தபடி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா அசையவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அந்த அடி எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்து கேட்டது. எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன்.

அப்பா சட்டென்று கையை நீட்டித் தடுத்தார்.

"நீ குடுத்துராத தாயி. ஸ்திரீபார்ட் இன்னும் பஸ்ஸ விட்டு எறங்கல. அதுவரைக்கும் நாந்தான இளுக்கணும்."

தொண்டையைச் செருமிக்கொண்டு, பாட்டை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.