ஓரகத்தி கேட்ட இரண்டு கிளாவர்

பல்செட் செய்து கொடுக்கும் அக்கா லேசில் யாரையும் பார்த்துப் பொறாமைப்படுகிறவள் அல்ல. அடுத்தவள் வீடு கட்டினால் கட்டட்டும், கார் வாங்கினால் வாங்கட்டும். ஆனால் பிரிட்ஜ் சீட்டாட்ட மேஜையில் தன் தங்கை வேறொருத்திக்கு ஜோடியாக உட்கார்ந்ததை மட்டும் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. அதுவும் யார்? தங்கையின் ஓரகத்தி, கணக்கு டீச்சர்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அக்காவும் தங்கையும்தான் ஜோடி. ஒருத்தி "ஒரு நோ-டிரம்ப்" என்று, துருப்பில்லாமல் ஆடுவதாக ஏலத்தைத் தொடங்கினால் மற்றவள் "இரண்டு கிளாவர்" என்பாள். கையில் கிளாவர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. 'ஆட்டினிலோ இஸ்பேடிலோ உன்னிடம் நாலு சீட்டு தேறுமா?' என்று கேட்கிறாள். இரண்டு கையிலும் சேர்த்து எட்டு இருந்தால் அதையே துருப்பாக்கிவிடலாம்.

பிறகு தங்கை டிரான்ஸ்ஃபர் என்று ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்தாள். ஐந்து இஸ்பேட் வைத்திருப்பவள் "இரண்டு ஆட்டின்" என்று சொல்ல வேண்டும். எதிரே இருப்பவள் புரிந்துகொண்டு "இரண்டு இஸ்பேட்" என்பாள்.

"கையில ஒண்ணு, வாயில ஒண்ணா? எனக்கு அது சரிப்படாதுடி" என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசியில் டிரான்ஸ்ஃபர் ஆனது தங்கைதான். அடுத்த வாரமே ஓரகத்தியோடு கிளப்பில் வந்து நின்றாள். அன்றிலிருந்து பட்டறையில் பல்செட்டுக்கு மெழுகைச் செதுக்கும்போதெல்லாம் டீச்சரின் சிரிப்பு அக்காவின் கண் முன்னே வந்து தொலைத்தது.

ஒரு போட்டியில் அவர்களை எதிர்த்து ஆட வேண்டி வந்தது. அக்காவுக்கு ஜோடி கிளப் செயலாளர், பரம சாது.

தங்கை "ஒரு நோ-டிரம்ப்" என்றாள்.

"இரண்டு கிளாவர்" என்றாள் டீச்சர், சர்வசாதாரணமாக.

அது அக்கா தங்கை இருவரின் கேள்வி. அதை இவள் கேட்கிறாள், தங்கையும் பதில் சொல்லக் காத்திருக்கிறாள்!

"டபுள்!" என்று வெடித்தாள் அக்கா.

என்னிடம் கிளாவர் பலமாக இருக்கிறது, அதையே முதலில் இறக்கு என்று ஜோடிக்குச் சொல்வது அந்த டபுள். அவள் கையில் இருந்ததோ இரண்டே இரண்டு சின்னக் கிளாவர்.

தங்கை தயங்காமல் "இரண்டு இஸ்பேட்" என்றாள். டீச்சர் அதை நாலு இஸ்பேடுக்கு ஏற்றினாள்; இனி தங்கை பத்துப் பிடி எடுத்தாக வேண்டும். செயலாளர் அக்காவை நம்பிக் கிளாவரை இறக்கினார். எடுக்க முடியாமல் இருந்த பிடி தங்கைக்குச் சும்மா கிடைத்தது. அவர் ஆட்டின் இறக்கியிருந்தால் தங்கை கவிழ்ந்திருப்பாள்.

"நீங்க சொன்னீங்கன்னுதானேம்மா இறக்கினேன்..." என்று முனகினார் செயலாளர். அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே படிக்கட்டில் தங்கை வந்து பிடித்துக்கொண்டாள்.

"ஏன்க்கா அந்த டபுள்?"

"வாய் தவறி வந்துடுச்சு."

"பொய் சொல்லாதே. அவளைப் பார்த்தாலே உனக்கு எரியுது."

"ஆமா, எரியுது. என்னடி இப்போ? நான் பழக்கின கை, அவளுக்கு உதவுது."

தங்கைக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "செவ்வாய்க்கிழமை அவ வரமாட்டா. நீ வா. ஆனா டிரான்ஸ்ஃபர் கத்துக்கிட்டுத்தான் வரணும்."

"சொல்லிக் குடு."

"எனக்குச் சொல்லித்தர வராது. அவகிட்ட கேளு."

அக்கா இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு இருந்தாள். பிறகு டீச்சர் வீட்டு மணியை அடித்தாள். டீச்சர் சீட்டுகளைப் பரப்பி, நிதானமாக, ஒரு தடவைதான் சொன்னாள். சட்டென்று புரிந்துவிட்டது. அதுதான் அக்காவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.