கடைசிப் பெட்டி நிற்கும் இடம்

என் அத்தைக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இடுப்பொடிய வேலை. புருஷன் போன பிறகும் யாரிடமும் கை நீட்டாதவள். அவளுக்கிருந்த ஒரே சுகம், மாதம் ஒருமுறை தன் அண்ணனை, அதாவது என் அப்பாவை, பார்க்க வருவதுதான். பகல் முழுக்க ஊர்ந்து வரும் பாசஞ்சர் ரயிலில், கடைசிப் பெட்டியில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வருவாள்.

அப்பாவுக்கு ஞாபகம் தப்பிவிட்டது. என்னை நர்ஸம்மா என்கிறார். ஆனால் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனால், கடைசிப் பெட்டி வாசலில் அத்தையின் தலை தெரிந்தால் போதும், "என்ன, தூங்கிட்டே வந்தியா?" என்று பையை வாங்கிக்கொள்வார். அவள் இருக்கும்வரை பழைய அண்ணன்தான். எனக்கு வயிறெரியும். சோறு ஊட்டுகிறவள் நானல்லவா?

அந்த ரயிலை முதலில் வாரம் இரண்டு நாளாகக் குறைத்தார்கள். பிறகு தற்காலிக ரத்து என்றார்கள். அந்தத் தற்காலிகம் முடிகிற வழியாக இல்லை. விசாரிக்கப் போன அத்தையிடம், ஆளே ஏறுவதில்லை என்றாராம் ஸ்டேஷன் மாஸ்டர்.

"அப்ப நான் என்ன, மூட்டையா?"

"மேல முடிவு பண்றாங்கம்மா. நான் என்ன செய்ய?"

போன வாரம் மூன்று பஸ் மாறி, வீங்கிய காலோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். அப்பா ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு வேணும்?"

"நான்தாண்ணே, உன் தங்கச்சி."

"அவ ரயில்ல வருவா" என்று கதவைச் சாத்தப் போனார்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பெரிய புத்திசாலி என்ற நினைப்பு. அத்தையைப் பையோடு முன்னால் அனுப்பி, பிளாட்பாரத்தில் கடைசிப் பெட்டி நிற்கும் இடத்தில் நிற்கச் சொன்னேன். பின்னாலேயே அப்பாவைக் கைப்பிடித்து அழைத்துப் போனேன். அவர் அத்தையைத் தாண்டித் தண்டவாளத்தைப் பார்த்தார்.

"ரயில் இன்னும் வரலியே. மறைக்காம கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா."

அத்தை தள்ளி நின்றாள். மூவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கடைசி பஸ்ஸுக்கு நேரமானதும் அவள் எழுந்தாள்.

"கெளம்பறீங்களா? வழியில என் தங்கச்சியப் பாத்தா சொல்லுங்க, அண்ணன் இங்கயேதான் இருக்கேன்னு."

"சொல்றேண்ணே."

பையை அவளே தூக்கிக்கொண்டு நடந்தாள்.