இரண்டாவது பிராசஸர்

தென்காசியில் வீட்டில் இருந்தபடியே கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறேன். எடிட் முடிந்த ஒரு வீடியோ ரெண்டர் ஆகி முழுப் படமாக உருவாகும்போது அடுத்ததைத் திறந்தால் கம்ப்யூட்டர் திணறும். அதனால் இரண்டு பிராசஸர் போடக்கூடிய பழைய சர்வர் போர்டு ஒன்றை வாங்கி நானே பொருத்தினேன். ஆன் செய்தபோது திரையில் ஒரு பிராசஸர்தான் தெரிந்தது.

"ஒண்ணு ஓடுதுல்லா, எதுக்கு இன்னும் போட்டு நோண்டுத? அருவியில தண்ணி நல்லா விழுதாம், குத்தாலத்துக்குப் போவோம்" என்றார் கணவர்.

"ரெண்டும் ஓடும். ஓடவிட்டுட்டுப் போவோம்" என்றேன்.

பிராசஸர்களை இடம் மாற்றிப் போட்டேன். அப்போதும் போர்டில் முதல் சாக்கெட்டில், அதாவது முதல் இருக்கையில், இருந்ததுதான் வேலை செய்தது. ஆக, பிராசஸர்கள் இரண்டும் நல்லவை. கோளாறு இரண்டாவது சாக்கெட்டில். கணவர் டார்ச் பிடிக்க, உள்ளே குனிந்து தேடினேன். முடி போன்ற கம்பிப் பின் ஒன்று வளைந்து கிடந்தது. தையல் ஊசியால் மெல்ல நிமிர்த்தினேன். அவர் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுவந்தார்.

மறுபடி ஆன் செய்ததும் இரண்டும் தெரிந்தன. செங்கோட்டைக் கல்யாணம் ரெண்டராகிக்கொண்டிருக்க, ஆய்க்குடிக் கல்யாணத்தைத் திறந்தேன். மணமகள் திணறாமல் நடந்து வந்தாள்.

"கிளம்புவோமா?" என்றார் கணவர்.

"இந்தத் தாலி கட்டு மட்டும் முடியட்டும்" என்றேன்.