செவிக்கோட்டையில் மூணு நிமிஷம்

ஏழு வருஷமாக எனக்கு இந்தக் கோபம் உண்டு. ஆரோக்கியம்மாள் தன் கதையின் கடைசி அத்தியாயத்தை மட்டும் முன்கூட்டித் தரமாட்டாள். மற்றதெல்லாம் டிபன் கேரியர் அடித்தட்டில் மடித்து வந்துவிடும். கடைசி நாலு தாள், மிச்சமெல்லாம் அச்சேறிய பிறகுதான். “கம்போசிட்டருக்குத் தெரிஞ்சா டீக்கடைக்குத் தெரிஞ்ச மாதிரிண்ணே” என்பாள். எழுத்துக் கோர்க்கிறவனையே வேவுகாரன் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

அவளுக்குத் திண்டுக்கல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூருக்குப் பேசுகிற டிரங்க் கால் இணைத்துத் தருகிற வேலை. தலையில் மாட்டும் கம்பிப் பட்டையின் தடம் ஞாயிறு பூசையில்கூடத் தலைமுடியில் தெரியும். நாம் பேசினால் முகத்தைத் திருப்பமாட்டாள், வலது காதைத் திருப்புவாள். சந்தையில் வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் பொறுக்கும்போது பின்னால் ஒருவன் இருமினால் போதும், ஆள் யாரென்று அவளுக்குத் தெரியும். சொல்லமாட்டாள். “கேட்டது காதோட. அதுக்குத்தான் சம்பளம்.”

எழுதுவதெல்லாம் சந்திரலோகத்துக் கதை. வைத்துக்கொண்ட பேர் வான்மதியன். அரசன் சுவரெல்லாம் காது பதித்திருப்பான். குடிகள் ஒளிந்து ஒளிந்து பேசுவார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். இருந்தாலும் சொல்கிறேன், ராக்கெட்டும் மந்திரமும் எழுத நூறு பேர் உண்டு. ஒட்டுக் கேட்கிறவனுக்குக் காது வலிக்கும் என்று எழுத இவள் ஒருத்திதான்.

‘செவிக்கோட்டை’யில் சறுக்கிவிட்டாள். கலகக்காரர்கள் குகைக்குள் சதி பேசுகிறார்கள். சுவருக்குள் ஒற்றன் மூச்சடக்கிக் கேட்கிறான். கேட்டுக்கொண்டே இருந்தவன், வாய் தவறி, “மூணு நிமிஷம் ஆச்சுங்க. இன்னும் பேசணுமா?” என்று கேட்டு மாட்டிக்கொள்கிறான். கோர்த்த எனக்கும் உறைக்கவில்லை, புரூஃப் பார்த்த அவளுக்கும் உறைக்கவில்லை.

வெங்காய மண்டி பொன்னழகுக்கு உறைத்தது. புத்தகத்தோடு அச்சாபீசுக்கே வந்துவிட்டார்.

“இது எக்ஸ்சேஞ்சு பொம்பளல்ல? தூத்துக்குடிக்கு டிரங்க் கால் பேசும்போதெல்லாம் நடுவுல வந்து என் காதுல இதத்தான சொல்லுது. அப்ப என் பேச்சும் இதுக்குள்ள கெடக்கும்ல?”

“உம்ம வெங்காயத்த சந்திரலோகத்துல எவன் வாங்குவான்?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “மேலாபீசுக்கு எழுதிப் போடுறேன். அந்தம்மா வேலையில எப்படி இருக்குதுன்னு நானும் பாக்குறேன்.”

இரண்டாம் பதிப்புக்காக எழுத்தைக் கலைக்காமல் கட்டி வைத்திருந்தேன். அந்த வரியை உருவ இடுக்கியை எடுத்தபோது அவள் வந்தாள். நடந்ததைச் சொன்னேன். “இந்த வரி போயிரும். வான்மதியன் மெட்ராஸ்காரன்னு நான் சாதிச்சுக்கறேன் தாயி” என்றேன்.

ஈய எழுத்தைத் தலைகீழாக வாசிக்க அவளுக்குத் தெரியும். குனிந்து செத்த நேரம் வாசித்தாள்.

“இருக்கட்டும்ணே. இது நான் பேசுறது. எம்பேச்ச நான் எங்கயும் போடுவேன். மண்டி முதலாளி பேசுன ஒத்தச் சொல்லு இதுல இருந்தா, அவரு எழுத வேணாம், நானே ராஜினாமா எழுதித் தாரேன். புஸ்தகம் அவருகிட்டதான இருக்கு, தேடச் சொல்லுங்க.”

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். முகப்புப் பக்கத்தில் கோர்த்திருந்த வான்மதியனைத் தன் விரலாலேயே ஒவ்வொரு எழுத்தாகப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தாள்.

“ஆரோக்கியம்மாள், டெலிபோன் எக்ஸ்சேஞ்சு, திண்டுக்கல்னு கோத்துருங்கண்ணே. பெரிய எழுத்துல.”