முக்கி எடுத்த கோழி

வடுகபட்டியில் எங்கள் பக்கத்து வீட்டு மொக்கம்மாளுக்குக் கோழியைவிடக் கரண்ட் மேல்தான் நம்பிக்கை அதிகம். அந்தக் கரண்டோ, ஆடிக் காற்றில் ஒரு தென்னை மட்டை விழுந்தாலே ஓடிப்போகும். ஆனாலும் போன வருஷம் தேனிக்குப் போய்க் குஞ்சு பொரிக்கும் மிஷின் ஒன்றை வாங்கி வந்துவிட்டாள். ஒரு டஜன் முட்டை பிடிக்கும். இன்வெர்ட்டரில் சேர்த்து மாட்டியிருந்தாள்.

மிஷின் வந்தபிறகு அடைக்கோழிகளுக்குக் கெட்ட காலம். முட்டையிடுவதை நிறுத்திவிட்டு அடைக்குப் படுக்கும் கோழியைப் பிடித்துத் தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்து, பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மூடிவிடுவாள். சூடு தணிந்து அடை தெளிந்தால் மறுபடி முட்டையிடும். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான்.

"மிஷினுதான் பொரிக்குதே, இவ எதுக்குச் சும்மா படுத்துக் கெடக்கணும்?" என்பாள்.

ஒரு சாம்பல் கோழி மட்டும் எத்தனை முறை முக்கினாலும் வெறுந்தரையிலாவது போய்ப் படுத்துக்கொள்ளும். இந்த ஆடியில் ஒரு நாள் காலையும் அதை முக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் காற்றுக்கு மரம் சாய்ந்து கரண்ட் கம்பி அறுந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இன்வெர்ட்டரும் கத்திக் கத்தி ஓய்ந்தது. மிஷினுக்குள் இருந்தவை மறுநாள் பொரிக்க வேண்டிய முட்டைகள்.

"உமா, உள்ள உசுரு அசையுதுடி. ஆறிப்போச்சுன்னா அம்புட்டும் போச்சு." முட்டைகளை முந்தானையில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டு மொக்கம்மாள் அழுதேவிட்டாள்.

"பஞ்சாரத்துல ஒருத்தி இருக்காளேக்கா" என்றேன்.

"அவ மூஞ்சில எப்பிடி முழிப்பேன்? காலையிலதான முக்குனேன்!"

நானே முட்டைகளை வைக்கோல் போட்ட கூடையில் வைத்துவிட்டு, பஞ்சாரத்தைத் தூக்கினேன். ஈரம் காய்ந்து சிலிர்த்து நின்ற கோழி எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராகக் கூடைக்குள் ஏறி இறகை விரித்துப் படுத்தது. ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த ஒரு முட்டையை அலகால் மெல்ல இழுத்து வயிற்றுக்கடியில் சேர்த்துக்கொண்டது. இதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

விளக்கு வைக்கும் நேரத்தில் கரண்ட் வந்தது. தெருப்பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். மிஷினில் பச்சை விளக்கு எரிந்தது. மொக்கம்மாள் போய் அதன் சுவிட்சை அணைத்தாள்.

"அவளுக்கு எம்மேலதான் கோவம். முட்டைக மேல இல்ல" என்றாள்.

அப்போது கோழிக்கு அடியிலிருந்து கீச்சென்று ஒரு சின்னச் சத்தம். ஓட்டுக்குள்ளிருந்தேதான். கோழி கழுத்தைத் தாழ்த்தி அடித்தொண்டையில் அதற்குப் பதில் சொன்னது.

மொக்கம்மாள் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இனிமே ஒன்னையத் தொட்டிப் பக்கம் கொண்டுபோக மாட்டேன் தாயி."