ரத்தினம் அண்ணனும் கொள்ளிடக் கரை எல்லைக்கல்லும்

ரத்தினம் அண்ணன் போய்விட்டார். காலையில் திருமானூரிலிருந்து போன்... வைத்த பிறகும் நான் "அப்படியா, அப்படியா" என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். வீட்டில் சொல்கிறார்கள்.

இன்றைக்கு ரியல் எஸ்டேட் என்கிறார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு நிலத் தரகர் என்றுதான் பெயர். அரியலூர் டீக்கடை பெஞ்சுதான் ஆபீஸ்.

அவர் கொள்ளிடக் கரைக்காரர். நான் பெரம்பலூர்ப் பக்கம், பருத்திக்காட்டு ஆள். என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர், ஆனால் தொழிலில் நான் அவருக்கு முன்னால் பூஜ்யம்.

ஆற்றங்கரை நிலத்தில் வெள்ளம் வந்து போனால் எல்லைக்கல் வண்டலுக்குள் புதைந்துவிடும். ஒருமுறை திருமழபாடி பக்கம் சர்வேயர் சார் சங்கிலியோடு அரைநாள் தேடியும் கல் கிடைக்கவில்லை.

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தார். ஒரு இடத்தில் நின்று, "இங்க தோண்டுங்க சார்" என்றார். முழங்கை ஆழத்தில் கல்.

எனக்குப் புல்லரித்துப் போனது. எப்படி என்று கேட்டேன். "கல்லு இருக்குற எடத்துல மேல் மண்ணு சீக்கிரம் காயும். காலுக்குத் தெரியும்யா" என்றார். நானும் ஒரு வாரம் வெறுங்காலோடு நடந்து பார்த்தேன். முள் குத்தியதுதான் மிச்சம்.

இன்னொன்று. விற்கிறவர் மனைவி தன் வாயால் சம்மதம் சொல்லாமல் பேரம் முடிக்க மாட்டார். பத்திர ஆபீஸ் வாசலிலிருந்து திரும்பி வந்த வியாபாரம்கூட உண்டு.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

லப்பைக்குடிக்காட்டு சலீம் பாய் சவுதியிலிருந்து லீவில் வந்து, கொள்ளிடக் கரையில் நாற்பது சென்ட் வாங்கினார். "எட்டு வருஷம் மணலையே பாத்தாச்சு. இன்ஷா அல்லாஹ், இனிமே தண்ணியப் பாத்துக்கிட்டு ஒக்காரணும்" என்பார்.

பத்திரம் முடிந்தது. கோடையிலேயே அஸ்திவாரம் போட அவருக்கு அவசரம். அண்ணன் ஜெயங்கொண்டம் போயிருந்தார். "நான் வந்து கல்லப் பாத்துத் தர்றேன், அதுவரைக்கும் பொறு" என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான் பொறுக்கவில்லை. நாணல் ஓரத்தில் ஒரு கல் தலை நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குத் தெற்கே சமதளம், எள் விதைத்திருந்தார்கள். "இதுதான் பாய் உங்க வடக்கு எல்லை, இங்கேருந்து தெக்க" என்று காட்டிவிட்டேன்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "அது ஆத்து எடமாச்சே சாமி" என்றது. நான் சிரித்தேன். எங்கள் ஊரில் எள் முளைத்த இடம் புன்செய்க் கொல்லைதான். கோடையில் ஆற்றுக்குள்ளேயே எள் விதைப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னது...

அது சலீம் பாயுடைய தெற்கு எல்லைக்கல். இடம் அதற்கு வடக்கே இருந்தது; தெற்கே நான் காட்டியது ஆற்றுப் படுகை.

ஆடியில் தண்ணீர் வந்தது. அஸ்திவாரம், அடுக்கி வைத்த செங்கல், எல்லாம் இரண்டே நாளில் போனது. சலீம் பாய் கரையில் நின்று என்னைப் பார்த்து, "யாரு சொல்லி அந்தக் கல்லக் காட்டுனீங்க?" என்று கேட்டார். சத்தம்கூடப் போடவில்லை.

பக்கத்தில் நின்ற ரத்தினம் அண்ணன் சொன்னார், "நான்தான் பாய் தப்பா அடையாளம் சொல்லி அனுப்பிட்டேன். இவரு பேர்ல குத்தமில்ல."

சொன்னதோடு நிற்கவில்லை. தன் கூரை வீட்டை இடித்துக் கட்ட வாங்கி வைத்திருந்த செங்கல்லை வண்டி வண்டியாக ஏற்றிவந்து, சரியான இடத்தில் மறுபடி அஸ்திவாரம் போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு எத்தனையோ மழைக்காலம் அவர் வீடு கூரையாகவே இருந்தது.

"கல்லு தெரியாத தரகர்" என்று கரையெல்லாம் அவரைக் கேலி பேசினார்கள். என் காதுபடவே பேசினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரே ஒருமுறை கேட்டேன், "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"நீ தொழிலுக்கு வந்து ஆறு மாசம். ஒன் பேரு கெட்டா அத்தோட போச்சு. எனக்குப் பதினைஞ்சு வருஷப் பேரு இருக்கு, கொஞ்சம் போனாலும் தாங்கும்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. நாற்பது வருஷம்... எப்படி முடிந்தது ஒரு மனிதனால்?

சலீம் பாய், நீங்கள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறீர்கள். உங்கள் மகன் இதைப் படிப்பார், தயவுசெய்து அத்தாவுக்கு வாசித்துக் காட்டட்டும்.

கல்லைத் தப்பாகக் காட்டியது நான். ரத்தினம் அண்ணன் எனக்கு எந்த அடையாளமும் சொல்லவில்லை; அன்று அவர் ஊரிலேயே இல்லை.

நாளை காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள். நீங்கள் வருவீர்கள் என்று தெரியும். நான் வாசலிலேயே நிற்கிறேன்.

போயிட்டு வாங்கண்ணே.