வெடிக்காது என்று மட்டும் ஒரு சத்தியம்

திருப்பதியில் வருடக்கணக்காக இருந்து, காணிக்கை கொடுக்காமலேயே தலைமுடியை இழந்தவன் நான். காரணம் ஒரு சமன்பாடு. அதன் முழுப் பெயர் நேரியலற்ற பாகுமீட்சி அலைச் சமன்பாடு. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டு, நான் இதைச் சொன்னால், உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். சந்திரகிரி வரும்வரை அவர் கழுத்து இந்தப் பக்கம் திரும்பாது.

விஷயம் அவ்வளவு பயங்கரமானது இல்லை. ரப்பர் மாதிரி ஒரு பொருளில் ஓர் அலை ஓடுகிறது. ரப்பருக்கு ஞாபகம் உண்டு. நேற்று இழுத்தது, போன வாரம் முறுக்கியது எல்லாம் அதன் இன்றைய நடத்தையில் கொஞ்சம் கொஞ்சம் தங்கியிருக்கும்; நாளாக நாளாக மங்கும். அந்த ஞாபகம் அலையின் ஆற்றலைத் தின்றுகொண்டே வரும். அதே சமன்பாட்டில் இன்னோர் உறுப்பு அலையை ஏற்றிவிட்டுக்கொண்டே இருக்கும். இந்த இழுபறி கடைசியில் எங்கே போய் நிற்கும்? அலை அடங்குமா, இல்லை எல்லையில்லாமல் பெருகி வெடித்துவிடுமா? இதற்குப் பதில் சொல்லத்தான் அரசாங்கம் எனக்கு உதவித்தொகை கொடுத்தது. கொடுத்தபோது கேள்வியை யாரும் படித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நாட்டின் பொருளாதாரம் வெளியுலகத்துக்குத் திறந்துகொண்ட காலம் அது. சாந்திபுரத்துக்காரன் ஒருவன் ஹாஸ்டலில் என் அறைத்தோழன். கணிதத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஹைதராபாத் போய் கம்ப்யூட்டர் கோர்ஸ் சேர்ந்தான். இரண்டாயிரம் பிறக்கும்போது உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிவிடும், அதைச் சரிசெய்ய அமெரிக்காவில் ஆள் வேண்டும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. பெட்டி கட்டும்போது அவன் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான இரக்கம் இருந்தது.

“டேய், ஒலகமே ரெண்டாயிரத்த நெனச்சி பயந்துக்கினு கீது. நீ இன்னாடா, முடிவே இல்லாத காலத்துக்குப் போய்க்கினு கீற?”

“அங்க கூட்டம் கம்மிடா” என்றேன்.

அவன் கட்டில் காலியானது. அதன்மேல் என் காகிதங்களைப் பரப்பிக்கொண்டேன். அமெரிக்கா எனக்குச் செய்த முதல் உதவி அதுதான்.

ஆய்வேடு முடிகிற நிலையில் இருந்தபோது வீட்டில் பெண் பார்த்தார்கள். எங்களுக்கு கங்காதர நெல்லூர் பக்கம் கரும்பு. பெண் வீடு சித்தூரில். பெங்களூர் ரோட்டில், தேய்ந்த லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறை வைத்திருந்தார் பெண்ணின் அப்பா. கிரானைட் லாரிகளும் மாம்பழக்கூழ் லாரிகளும் திடீரென்று பெருகியதில் பட்டறை இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று கேட்டார். பஸ் அனுபவத்தை நினைத்துக்கொண்டு, சுருக்கமாக ரப்பர் என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் நைனாவின் தொடையில் தட்டினார். “பாத்தியா சம்மந்தி, நம்ம லைனு!”

டயர் ஒட்டுவது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை அன்று சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை. பஜ்ஜி வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தவள், தட்டை வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்று, “அந்த அலை கடைசில இன்னா ஆவும்?” என்று கேட்டாள்.

“அடங்கிடும்.”

“எப்போ?”

“காலம் முடிவிலிக்குப் போகும்போது.”

“அப்போ நீங்களும் பாக்க மாட்டீங்க, நானும் பாக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

என் சமன்பாட்டைப் பற்றி அதுவரை ஒருவரும், என் ஆய்வுக் கைடு உள்பட, கடைசியில் என்ன ஆகும் என்று கேட்டதில்லை. எனக்கு அவளைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்று அந்த பஜ்ஜியை முடிப்பதற்குள் தீர்மானித்துவிட்டேன்.

ஆனால் பெண்ணின் அப்பாவுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. மூத்த மாப்பிள்ளை இன்ஜினீயரிங் முடித்துவிட்டதாகச் சொல்லிக் கல்யாணம் நடந்தது. பிறகுதான் பேப்பர்கள் பாக்கியிருப்பது தெரிந்தது. அந்த மாப்பிள்ளை இப்போது அமெரிக்காவில் சௌக்கியமாக இருக்கிறார் என்பது வேறு விஷயம். பொய் பொய்தான். இனி வருகிற மாப்பிள்ளை படிப்பு முடிந்தது என்று சொன்னால், காணிப்பாக்கத்தில் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் கோர்ட் கிடையாது. காணிப்பாக்கம் பிள்ளையார் கோயில் குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு சந்நிதியில் நின்று பிரமாணம் செய்தால் வழக்கு தீர்ந்தது. குடியை விட்டேன் என்பவன், திருடவில்லை என்பவன், எல்லைக்கல்லை நகர்த்தவில்லை என்பவன் எல்லோரும் அங்கேதான் நனைவார்கள். பொய்ப் பிரமாணம் செய்தவனைப் பிள்ளையார் சும்மா விடமாட்டார் என்பதில் எங்களில் நாத்திகர்களுக்குக்கூடச் சந்தேகம் இல்லை.

எனக்கும் பயம் இல்லை. தேற்றம் நிரூபணமாகிவிட்டது, டைப் அடிப்பதுதான் பாக்கி. பிரமாணத்துக்கு நாள் குறித்தார்கள்.

இங்கே எங்கள் தொழிலின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நிரூபணத்தில் நூறு மாறிலிகள் வரும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்தால் எழுத்துகள் போதாது. அதனால் எல்லாவற்றுக்கும் C என்று ஒரே பெயர் வைத்துவிடுவோம். வரிக்கு வரி இதன் மதிப்பு மாறக்கூடும் என்று முதலிலேயே ஒரு வாக்கியம் எழுதிவிட்டால் தீர்ந்தது. வெளியாட்களுக்கு இது மோசடியாகத் தெரியும். நாங்கள் இதைக் குறியீட்டு வசதி என்போம். ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு: அந்த C எதைச் சார்ந்து வேண்டுமானாலும் இருக்கலாம், காலத்தைச் சார்ந்து மட்டும் இருக்கக் கூடாது.

பிரமாணத்துக்கு முந்தைய நாள் காலை, மெஸ்ஸில் உப்புமா ஆறட்டும் என்று காத்திருந்த நேரத்தில், கையெழுத்துப் பிரதியைச் சும்மா புரட்டினேன். நடுவில் ஒரு C என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இது எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனேன். நாலைந்து வரிகளுக்கு முன்னால், பெயர் மாற்றும் சந்தடியில், அது காலத்தை விழுங்கியிருந்தது. காலம் கூடக் கூட அதுவும் பெருத்துக்கொண்டே போகும். அதாவது, நான் நிரூபித்திருந்தது இதுதான்: அலையின் ஆற்றல், வளர்ந்துகொண்டே போகும் ஒன்றைவிடக் குறைவு. இதை நிரூபிக்க ஆராய்ச்சி தேவையில்லை. விலைவாசிக்கு முன்னால் என் உதவித்தொகையும் அப்படித்தான் இருந்தது.

உப்புமா ஆறிக் கல்லாகிவிட்டது. பிரதியை எடுத்துக்கொண்டு கைடிடம் ஓடினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார், கீழே இறக்கிப் பார்த்தார். பிறகு நிம்மதியாகச் சாய்ந்துகொண்டு, “எவரு சூஸ்தாரய்யா!” என்றார். யார் பார்க்கப் போகிறார்கள் என்று. அந்தப் பக்கம் வரை எந்தப் பரிசோதகரும் வந்ததில்லை என்பது அவருடைய நீண்ட அனுபவம். நானும் அதை நம்பினேன். ஆனால் மறுநாள் என் பரிசோதகர் யானைமுகத்துடன் உட்கார்ந்திருக்கப் போகிறவர்.

காணிப்பாக்கத்துக்கு இரண்டு குடும்பமும் வந்திருந்தது. குளத்தில் முழுகி எழுந்தபோது, முந்தைய நாள் முழுவதும் யோசித்தும் எனக்கு ஒரு வார்த்தையும் கிடைத்திருக்கவில்லை. ஈர வேட்டியோடு வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் குடியை விட வந்த ஒருவர் நடுங்கிக்கொண்டிருந்தார்.

“ஒரே வார்த்த தம்பி” என்றார் பெண்ணின் அப்பா. “முடிஞ்சிடுச்சின்னு சொல்லு. அப்பறம் தாம்பூலம்தான்.”

“மாமா, நிபந்தனையோட பிரமாணம் பண்ணலாமா?”

“இன்னா நிபந்தன?”

“ஆரம்பம் சின்னதா இருக்கணும். ஆரம்பத்துல அலைய ரொம்ப ஆட்டிவிட்டிருக்கக் கூடாது.”

என் நைனா நெற்றியில் அடித்துக்கொண்டார். “டேய், இங்கியும் உன் கணக்காடா? முடிஞ்சிதா, இல்லியா?”

“இல்ல நைனா.”

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. C பற்றி, அது விழுங்கிய காலம் பற்றி, கைடு சொன்னது பற்றி எல்லாம் ஈரம் சொட்டச் சொட்ட விளக்கினேன். அலை வெடிக்காது என்பது வேறொரு வழியில் நிரூபணமாகியிருக்கிறது, அதில் ஓட்டை இல்லை. எவ்வளவு காலம் ஆனாலும் தாங்கும். ஆனால் அடங்குமா என்பது இன்றைய தேதிக்கு எனக்குத் தெரியாது. கல்யாணம் போய்விட்டது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

குடியை விட வந்தவர் என் தோளைத் தொட்டார். “சார், சீக்கிரம் சொல்லிட்டு நவுருங்க. எனுக்கு மனசு மாறிடப் போவுது.”

அவருக்கு வழிவிட்டோம். பெண்ணின் அப்பா தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். “அப்போ அன்னிக்கி அடங்கிடும்னு சொன்னது?”

“அன்னிக்கி அப்படித்தான் நெனச்சேன், மாமா.”

“இன்னிக்கி சொல்லாம உட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, இல்ல?”

“தெரிஞ்சிருக்காது.”

பெண்ணின் அம்மா முன்னால் வந்தார். கணவர் பக்கம் திரும்பினார். “இப்போ இன்னா சொல்றாரு அவுரு? வெடிக்காது, அடங்குமான்னு தெரியலங்கறாரு. கட்னதுலருந்து நான் உன்னப் பாத்துக்கினுதானே கீறேன், நீ அடங்கிட்டியா? வெடிக்காம இருந்தா போதாதா?”

“நீ கம்முனு இரு” என்றார் அவர். ஆனால் மகளைப் பார்த்தார்.

அவள் என்னிடம் கேட்டாள். “அந்த ஓட்டைய அடைக்க முடியுமா?”

“முடியும்னு தோணுது.”

“தோணுதா, தெரியுமா?”

“தோணுதுதான்.”

“சரி, தோணறதுக்கெல்லாம் சத்தியம் வாணாம்” என்று சொல்லி, தன் அப்பாவிடம், “தெரிஞ்சத மட்டும் சொல்லச் சொல்லு நைனா. துணி காஞ்சிடப் போவுது” என்றாள்.

அப்படித்தான் நான் சந்நிதியில் நின்று, ஆரம்ப நிலை சிறியதாக இருக்கும் பட்சத்தில் என் அலை எந்தக் காலத்திலும் வெடிக்காது என்று கணபதி சாட்சியாகப் பிரமாணம் செய்தேன். அங்கே அதற்கு முன்போ பின்போ யாரும் அப்படி ஒன்றைச் செய்திருக்க வாய்ப்பில்லை. நைனா என் பக்கத்தில் நின்று, என்னைத் தெரியாதவர் மாதிரி கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாம்பூலம் அன்றே மாற்றினார்கள். கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி. மட்டும் போடச் சொன்னார் மாமனார். அச்சகத்துக்காரர் டாக்டர் என்று போட்டால் பார்க்க நன்றாக இருக்கும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம்.

பட்டறைக்கு மேல்மாடியில் குடிவந்தோம். கீழே லாரி டயர் வெந்துகொண்டிருக்கும். மேலே நான் வெந்துகொண்டிருப்பேன். அவள் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போய்விடுவாள். ஊட்டுக்காரரு இன்னா பண்றாரு என்று கேட்பவர்களிடம், “இன்னும் முடிக்கல” என்று சுரைக்காய் விலை சொல்வது போலச் சொல்வாள். எனக்கு அது இதமாக இருந்தது. ஆற்றலோடு இன்னொரு சிறிய உறுப்பைச் சேர்த்து, இரண்டையும் ஒன்றாகக் கவனித்தால் C காலத்தை விழுங்காமல் தப்பிக்கும் என்று ஒரு மத்தியானம் தெரிந்தது. மூன்று முறை சரிபார்த்தேன். அலை அடங்கியது. ரப்பரின் ஞாபகம் எவ்வளவு வேகமாக மங்குகிறதோ, அந்த வேகத்தில்.

கீழே இறங்கிப் போனேன். மாமனார் ஒரு டயருக்குள் பாதி உடம்பை நுழைத்து எதையோ தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா, முடிஞ்சிடுச்சி.”

தலை வெளியே வந்தது. மறுபடியும் குளத்தில் முழுகிச் சந்நிதியில் சொல்லச் சொல்வார் என்று எதிர்பார்த்து, வேட்டியை மடித்துக் கட்டக்கூடத் தயாராக நின்றேன்.

“முடிஞ்சிடுச்சா? சரி. சாப்ட்டியா?” என்று கேட்டுவிட்டு, திரும்பவும் டயருக்குள் போய்விட்டார்.